அண்டை அயலைக் கேட்டு வரையும் வளைகோடு

செய்தித்தாளில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்ற பகுதியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். துவரம் பருப்பு, உளுந்து, வத்தல், மல்லி, நல்லெண்ணெய், கடலை எண்ணெய் என்று வரிசையாகப் பெயர்களும் அவற்றுக்கு எதிரே விலைகளும் இருக்கும். அரிசி, பருப்பு வாங்கும் வீட்டார் முதல் மொத்த வியாபாரிகள் வரை பலரும் கவனித்துப் படிக்கும் பகுதி இது.

இவற்றுள் ஏதேனும் ஒரு சரக்கின் விலையை நூறு நாட்களுக்குக் குறித்து வைத்து, வரைபடத்தாளில் புள்ளிகளாக இட்டுப் பாருங்கள். ஒரு நாள் ஏறும், மறுநாள் இறங்கும், மூன்றாம் நாள் மீண்டும் ஏறும். வரத்துக் குறைந்திருக்கலாம், லாரி தாமதமாகியிருக்கலாம், யாரோ ஒருவர் மொத்தமாக வாங்கியிருக்கலாம். இத்தகைய சில்லறைக் காரணங்களால் புள்ளிகள் மேலும் கீழும் சிதறிக் கிடக்கும். 'விலை மொத்தத்தில் ஏறுமுகமா, இறங்குமுகமா?' என்று வியாபாரி கேட்டால் தனிப் புள்ளி எதுவும் விடை சொல்லாது. புள்ளிகளின் கூட்டத்தினூடே செல்லும் ஒரு சீரான கோடு வேண்டும். அக்கோட்டை எப்படி வரைவது? வரைந்த கோட்டை எவ்வளவு தூரம் நம்புவது? இவ்விரு கேள்விகளுக்கும் இப்போது விடை காண்போம்.

ஆய்வகக் கோடும் அங்காடிக் கோடும்

பள்ளி ஆய்வகத்தில் சுருள்வில் சோதனை செய்திருப்பீர்கள். வில்லில் எடையைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு நீள்கிறது என்று அளந்து, எடைக்கும் நீட்சிக்கும் வரைபடம் வரைகிறோம். புள்ளிகள் சற்றே விலகியிருந்தாலும், அவற்றினூடே அளவுகோலை வைத்து ஒரே நேர்க்கோட்டை இழுத்துவிடுகிறோம். இதற்கு நமக்குத் துணிவு தருவது ஹூக்கின் விதி. மீள்தன்மை எல்லைக்குள் நீட்சி எடைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது முன்பே தெரியும். அதனால் எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவாக ஒரே கோடு போதும். அளவுகோலைக் கண்மதிப்பாக வைப்பதற்குப் பதில் கணக்கிட்டே அக்கோட்டைக் காணலாம். அதுதான் மீச்சிறு வர்க்க முறை. ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அவ்விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் வரும் தொகை மிகக் குறைவாக இருக்கும்படி கோட்டை அமைக்க வேண்டும். பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் 1805-இல் இம்முறையை வெளியிட்டார்.

ஆனால் பருப்பு விலைக்கு ஹூக்கின் விதி உண்டா? இல்லை. தை மாதத்தில் இறங்கி, ஆடியில் ஏறி, ஐப்பசியில் வேறு விதமாகப் போகலாம். நூறு நாட்களுக்கும் சேர்த்து ஒரே நேர்க்கோட்டை இழுத்தால், இறக்கமும் ஏற்றமும் ஒன்றையொன்று விழுங்கி, கோடு படுக்கையாகக் கிடக்கும். 'விலையில் மாற்றமே இல்லை' என்று அது பொய் சொல்லும். விதி தெரியாத இடத்தில் முழு வரைபடத்துக்கும் ஒரே கோடு பொருந்தாது.

நகரும் சராசரி

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு நாளின் விலையை மட்டும் பார்க்காமல், அந்நாளுக்கு முன்னும் பின்னும் உள்ள சில நாட்களையும் சேர்த்துச் சராசரி காண்பது. பிறகு ஒரு நாள் நகர்ந்து மீண்டும் அவ்வாறே செய்வது. இதற்கு நகரும் சராசரி என்று பெயர். ஓர் அட்டையில் சிறு சன்னல் வெட்டி, வரைபடத்தின்மேல் வைத்து, இடமிருந்து வலமாக நகர்த்துவதாகக் கற்பனை செய்யுங்கள். சன்னல் வழியே தெரியும் புள்ளிகள் மட்டுமே கணக்கில் சேரும்.

ஐந்து நாட்களின் பருப்பு விலை கிலோவுக்கு 120, 124, 131, 126, 129 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (இவை கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்ட எண்கள்.) கூட்டுத்தொகை 630. ஐந்தால் வகுக்க 126. ஆகவே மூன்றாம் நாளுக்கு 131 என்ற புள்ளிக்குப் பதில் 126 என்ற புள்ளியை இடுகிறோம்.

இம்முறையில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, சன்னலுக்குள் இருக்கும் எல்லா நாட்களுக்கும் ஒரே மதிப்பு. சன்னலைத் தாண்டினால் மதிப்பே இல்லை. நேற்றைய விலைக்கும் நான்கு நாள் முந்தைய விலைக்கும் ஒரே மரியாதை தருவது நியாயமா? இரண்டாவது, வரைபடத்தின் இறுதி நாளில் பின்னால் வரும் நாட்கள் இல்லை. விலை 100, 102, 104, 106, 108 என்று ஒழுங்காக ஏறிவருகிறது என்று கொள்ளுங்கள். கடைசி நாளுக்குச் சராசரி காண, கிடைக்கும் 104, 106, 108 ஆகியவற்றையே எடுக்க வேண்டும். விடை 106. உண்மை விலையோ 108. இவ்வளவு ஒழுங்கான ஏற்றத்திலும்கூட இறுதிப் புள்ளியில் சராசரி பின்தங்கிவிடுகிறது. வியாபாரிக்கு முக்கியமான நாளோ அந்தக் கடைசி நாள்தான்!

அருகில் இருப்பவருக்கு அதிக மதிப்பு

முதற்குறையைப் போக்குவது எளிது. அருகில் உள்ள புள்ளிக்கு அதிக எடையும், விலக விலகக் குறைந்த எடையும் கொடுத்தால் போதும். நம் தெருவில் ஒரு செய்தி உண்மையா என்று அறிய, பக்கத்து வீட்டாரை முதலில் கேட்கிறோம். தெருக்கோடியில் இருப்பவர் சொல்வதையும் கேட்கிறோம், ஆனால் அவ்வளவாக நம்புவதில்லை. அடுத்த ஊர்க்காரரைக் கேட்பதே இல்லை. அதைப் போன்றதுதான் இதுவும்.

எடையைக் கணக்கிட வழக்கமாகக் கையாளும் சூத்திரம் ஒன்று உண்டு. சன்னலின் எல்லைவரை உள்ள தொலைவை 1 என்று கொள்க. ஒரு புள்ளியின் தொலைவு அதில் எத்தனை பங்கு என்று பார்த்து, அந்தப் பின்னத்தைக் கனப்படுத்தி 1-இலிருந்து கழித்து, வரும் விடையை மீண்டும் கனப்படுத்த வேண்டும். எல்லை மூன்று நாள் என்றால், அன்றைய நாளின் எடை 1. ஒரு நாள் தள்ளியிருப்பதற்குப் பின்னம் மூன்றில் ஒன்று, எடை 0.89. இரண்டு நாள் தள்ளியிருப்பதற்கு 0.35. மூன்றாம் நாளுக்குச் சுழியம். எடை திடீரென்று அறுபடாமல், மெல்ல மெல்லக் குறைந்து மறைவதைக் கவனியுங்கள்.

மேலே கண்ட ஐந்து விலைகளையும் முறையே 0.35, 0.89, 1, 0.89, 0.35 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 440.65 வரும். எடைகளின் கூட்டுத்தொகை 3.48. வகுத்தால் 126.6. சாதாரணச் சராசரியைவிட இது நடுநாளின் விலைக்குச் சற்று அதிகம் காது கொடுக்கிறது.

இரண்டாம் குறையைப் போக்குவதற்குத்தான் ஒரு புதுமை தேவைப்பட்டது. சன்னலுக்குள் சராசரி காண்பதற்குப் பதில், சன்னலுக்குள் மட்டும் மீச்சிறு வர்க்க முறைப்படி ஒரு சிறு நேர்க்கோட்டைப் பொருத்துவது. அதுவும் மேற்சொன்ன எடைகளுடன் பொருத்துவது. அக்கோட்டில் நடுநாளுக்கு உரிய மதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, கோட்டை அழித்துவிட வேண்டும். பிறகு சன்னலை நகர்த்தி, அடுத்த நாளுக்குப் புதிய சிறு கோடு. இப்படிக் கிடைக்கும் மதிப்புகளை இணைத்தால் அழகான வளைகோடு கிடைக்கும். 104, 106, 108 என்ற இறுதி மூன்று புள்ளிகளுக்கு நேர்க்கோடு பொருத்தினால், கடைசி நாளில் அது சரியாக 108-ஐத் தொடும். பின்தங்கல் நீங்கிவிட்டது!

இரு மாறிகளுக்கு இடையே உள்ள உறவைக் கோடாகக் காண்பதைப் புள்ளியியலில் தொடர்புப் போக்கு என்பர். இங்கே அதை ஒவ்வோர் இடத்திலும் அந்தந்த இடத்துப் புள்ளிகளைக் கொண்டே காண்கிறோம். ஆகவே இதனை உள்ளூர்த் தொடர்புப் போக்கு எனலாம். பூமி உருண்டை, ஆயினும் நம் வீட்டுத் தரை தட்டையாகவே தெரிகிறது அல்லவா? அவ்வாறே எந்த வளைகோடும் சிறு துண்டில் ஏறத்தாழ நேர்க்கோடுதான். இம்முறை நிற்பது இந்த உண்மையின்மேல்.

கல்கத்தா முதல் பெல் ஆய்வகம் வரை

இத்துறையின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் இடமுண்டு. பேராசிரியர் மகலனோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1933-இல் 'சாங்க்யா' என்ற புள்ளியியல் ஆய்விதழைத் தொடங்கினார். மக்களின் வருவாயும் செலவும் எப்படி மாறுகின்றன என்பதை ஒப்பிட, அவரே ஒரு வரைபட முறையை வகுத்து 1960-இல் வெளியிட்டார். குடும்பங்களை வரிசைப்படுத்தி, சம எண்ணிக்கையுள்ள குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியே சராசரி கண்டு, அவற்றை இணைத்துக் கோடு வரைவது அம்முறை. முன்கூட்டியே ஒரு சூத்திரத்தைத் திணிக்காமல், அந்தந்தப் பகுதியின் புள்ளிகளையே பேசவிடும் கருத்து அதில் இருப்பதைக் காணலாம்.

எடையிட்ட உள்ளூர்ச் சராசரியைப் பற்றி ஜெஃப்ரி வாட்சன் என்ற ஆஸ்திரேலிய அறிஞர் 1964-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வெளியானது அதே சாங்க்யா இதழில்தான். அதே ஆண்டில் ஜார்ஜியாவின் நதராயா என்ற அறிஞரும் தனியே அம்முறையைக் கண்டார். இன்றும் இருவர் பெயராலும் அது வழங்குகிறது.

சிறு கோடுகளைப் பொருத்தும் முறையைக் கணிப்பொறியில் எளிதாகப் பயன்படும்படி ஒழுங்குபடுத்தியவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் கிளீவ்லண்ட். அவரது கட்டுரை 1979-இல் வந்தது. பின்னர் 1988-இல் டெவ்லின் என்பவருடன் சேர்ந்து அதை விரிவாக்கினார். அப்போது அதற்கு 'லோயஸ்' என்று பெயர் அமைந்தது. லோயஸ் என்பது ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் படிந்துள்ள மெல்லிய வண்டல் போன்ற ஒருவகை மண். நிலத்தை வெட்டிப் பார்த்தால் அம்மண் வளைந்த பட்டையாகத் தெரியும். வளைகோட்டு முறைக்கு மண்ணின் பெயர்! விருதுநகர்ப் பக்கத்தில் இது பிறந்திருந்தால் 'கரிசல்' என்று பெயர் வைத்திருப்பார்களோ என்னவோ!

சன்னல் எவ்வளவு அகலம்?

கோடு வரைய வந்தாயிற்று. இனி அதை எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்போம். இதற்குச் சிவகாசிப் பிள்ளைகளுக்கு மிகவும் பழக்கமான ஒரு பொருளையே எடுத்துக்கொள்வோம். மழை குறைந்த இவ்வறண்ட நிலத்தில் வேளாண்மை கைகொடுக்காத குடும்பங்கள் பல, தீப்பெட்டியையும் பட்டாசையும் நம்பி வாழ்கின்றன. பட்டாசு வெடிக்கும் நாளில் காற்றில் புகை கூடுகிறது. புகையா, பிழைப்பா என்ற வழக்கு நீதிமன்றம்வரை சென்றது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீபாவளியன்று பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரம் வரையறுத்தது. தமிழ்நாட்டில் அதைக் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று அரசு பிரித்துத் தந்தது.

காற்றில் மிதக்கும் துகள்களில் 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான விட்டமுள்ளவை நுரையீரலின் ஆழம்வரை செல்ல வல்லவை. நம் நாட்டில் 2009-இல் அறிவிக்கப்பட்ட தர அளவின்படி, ஒரு கனமீட்டர் காற்றில் இத்துகள்கள் 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மேற்படக்கூடாது.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் கற்பனையே, கணக்கு எளிதாக இருக்கவே அவற்றை இப்படி அமைத்தோம். ஓர் ஊரில் தீபாவளியன்று 22 மணி நேரம் அளவு 40 ஆகவும், வெடிக்கும் இரண்டு மணி நேரத்தில் மட்டும் 260 ஆகவும் இருந்தது என்று கொள்வோம். மொத்தம் 880 உடன் 520 சேர்த்து 1400. 24-ஆல் வகுக்க 58.3. தர அளவு 60-க்குள் அடங்கிவிட்டது! 'காற்று நலமாகவே இருந்தது' என்று ஒருவர் சொல்லலாம். அவர் கணக்கில் தவறில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் தெருவில் நின்ற மூச்சிரைப்பு நோயாளிக்கு அது 260தான். 24 மணி நேரச் சராசரி என்பதும் அகலமான ஒரு சன்னலே என்பதை மறக்கக்கூடாது. ஒரு நாளைக்கு நாம் சுவாசித்த மொத்தப் புகையை அறிய அது தகுந்த அளவு. எந்த நேரத்தில் துன்பம் என்பதைச் சொல்ல அதனால் இயலாது.

சன்னலைச் சற்றுச் சுருக்கிப் பார்ப்போமா? 15 மணி நேர நகரும் சராசரி காண்க. காலை 6 முதல் 7 வரையுள்ள மணியை நடுவில் வைத்தால், சன்னலுக்குள் ஒரு 260-உம் பதினான்கு 40-உம் விழும். சராசரி 54.7. நண்பகல் 12 முதல் 1 வரையுள்ள மணியை நடுவில் வைத்தால், காலை வெடியும் இரவு வெடியும் இரண்டுமே சன்னலுக்குள் வந்துவிடும். சராசரி 69.3. வேடிக்கையைப் பாருங்கள்! யாருமே வெடிக்காத நண்பகலில்தான் புகை உச்சம் என்று கோடு காட்டுகிறது! மூன்று மணி நேரச் சன்னல் என்றால் இரண்டு மேடுகளும் உரிய நேரத்தில் தெளிவாகத் தெரியும். ஆனால் உயரம் 113 ஆகக் குறைந்திருக்கும்.

சன்னல் குறுகினால் கோடு ஒவ்வொரு சிறு அசைவுக்கும் துள்ளும். அகன்றால் உண்மையான மேடுகளையும் தேய்த்துச் சமன்செய்யும். எது சரியான அகலம் என்பதற்கு உதவும் கணக்கு வழிகள் உண்டு. ஆனால் 'எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம்?' என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாமே.

பிழையா, நிகழ்ச்சியா?

கிளீவ்லண்ட் தம் முறையில் மற்றோர் உபாயமும் சேர்த்தார். நம் பருப்பு விலையில் 131 என்பது 231 என்று தவறாக அச்சாகிவிட்டது என்று வையுங்கள். எடையிட்ட சராசரி 126.6-இலிருந்து 155.4-க்குத் தாவிவிடும். ஓர் அச்சுப்பிழை வளைகோட்டையே இழுத்துக்கொண்டு போகிறது. இதைத் தடுக்க, முதலில் ஒருமுறை வளைகோட்டை வரைந்து, ஒவ்வொரு புள்ளியும் அதிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்று பார்க்கிறார்கள். விலகல் மிகுந்த புள்ளிகளின் எடையைக் குறைத்து மீண்டும் வரைகிறார்கள். விலகல்களின் இடைநிலை அளவைப்போல ஆறு மடங்குக்கு மேல் விலகிய புள்ளிக்கு எடையே கிடையாது. இவ்வாறு சிலமுறை செய்தால், தவறான புள்ளியின் செல்வாக்கு மறைந்துவிடும்.

மிக நல்ல உபாயந்தான். ஆனால் இதையே நம் தீபாவளிக் கணக்கில் கையாண்டால் என்னவாகும்? 22 புள்ளிகள் 40 என்று ஒருமுகமாகச் சொல்கின்றன. இரண்டு புள்ளிகள் மட்டும் 260 என்கின்றன. முறை அவ்விரண்டையும் அச்சுப்பிழையாகக் கருதி ஒதுக்கிவிடும். வளைகோடு நாள் முழுவதும் 40 என்றே செல்லும். தீபாவளியே நடக்கவில்லை என்று பொருள்!

பிழையையும் நிகழ்ச்சியையும் வேறுபடுத்திப் பார்க்கும் அறிவு சூத்திரத்துக்கு இல்லை. அச்சுக்கோத்தவரின் தவறா, உண்மையாகவே எழுந்த புகையா என்பது, அன்று என்ன நடந்தது என்று தெரிந்த மனிதருக்கே தெரியும்.

புகையில் மட்டுமல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையைப் பல ஆண்டுகளுக்குக் குறித்து, அகன்ற சன்னலில் சீராக்கினால், அந்த நாள் ஒரு மெல்லிய வீக்கமாக மாறிவிடும். விலகிய புள்ளிகளை ஒதுக்கும் முறையைச் சேர்த்தாலோ அடையாளமே இராது. ஆண்டுக்கு ஆண்டு நிலைமை மேம்படுகிறதா என்று அறியச் சீரான கோடு வேண்டும். பாதுகாப்பு விதிகளைத் திருத்த வேண்டிய இடத்தை அறியவோ, கோட்டை விட்டு விலகிய அந்தப் புள்ளியையே போய்ப் பார்க்க வேண்டும். இரண்டும் தேவை. ஒன்றுக்காக மற்றொன்றை இழக்கலாகாது.

நீங்களும் வரையலாம்

ஒரு மாதம் நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரு வெப்பமானியின் அளவைக் குறித்து வாருங்கள். அல்லது செய்தித்தாளில் ஒரு சரக்கின் விலையைக் குறியுங்கள். வரைபடத்தாளில் புள்ளிகளை இடுங்கள். கறுப்பு மையில் மூன்று நாள் சன்னலுக்கும், சிவப்பு மையில் பதினொரு நாள் சன்னலுக்கும் நகரும் சராசரிக் கோடுகளை வரையுங்கள். பிறகு 1, 0.89, 0.35 என்ற எடைகளைக் கொண்டு மூன்றாவது கோட்டைப் பச்சை மையில் வரையுங்கள். மூன்றும் எங்கே ஒத்துப் போகின்றன, எங்கே பிரிகின்றன என்று கவனியுங்கள். இரு ஓரங்களிலும் என்ன ஆகிறது என்பதைத் தவறாமல் பாருங்கள். ஏதேனும் ஒரு புள்ளி எல்லாக் கோடுகளையும் விட்டுத் தனித்து நின்றால், அதை அழிக்குமுன் அந்த நாளின் குறிப்பைப் புரட்டுங்கள். மழை பெய்ததா, வெப்பமானியைப் படித்தவர் தவறினாரா என்று விசாரியுங்கள்.

புகை குறைந்தது என்றும் கூடியது என்றும், விபத்துக் குறைந்தது என்றும் கூடியது என்றும் பல வளைகோடுகளை நீங்கள் இனிப் பார்ப்பீர்கள். உங்கள் ஊரின் காற்றும், உங்கள் வீட்டாரின் வேலையும் அவற்றைப் பொறுத்து அமையலாம். எந்த வளைகோட்டைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: புள்ளிகள் எங்கே? சன்னல் எவ்வளவு அகலம்? ஒதுக்கப்பட்ட புள்ளிகள் எவை? இம்மூன்றுக்கும் விடை தருபவரின் கோட்டை நம்பலாம். தராதவரிடம் புள்ளிகளைக் கேட்டு வாங்கி, நீங்களே வரைந்து பாருங்கள்.